சாயத்திலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பரீட்சைத்தாள் திருத்தும் வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஹாம்பர்க்கில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று புலம்பியிருந்தாய். இங்கே ஐப்பசி மழை இந்த முறை ஏமாற்றவில்லை. நொய்யல் ஆற்றில் தண்ணீர் போகிறது, கூடவே நுரையும் போகிறது. அம்மா நலம். முட்டி வலி இருந்தாலும் மாடி ஏறி வடகம் காயப்போடுவதை விடமாட்டேன் என்கிறார். பெரியவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். துணியெல்லாம் செல்போனிலேயே வாங்கி, பாதியைத் திருப்பி அனுப்புகிறான். எதற்கு இதைச் சொல்கிறேன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுச்சூழலைக் கெடுக்காத நீடித்த நுகர்வு, உற்பத்தி பற்றி நீங்கள் கட்டப்போகும் ஆய்வு வலையமைப்பில் நான் சேர்கிறேனா என்று கேட்டிருந்தாய். சேர்கிறேன். ஆனால் நீ அனுப்பிய வரைவில் ஒன்று உறுத்துகிறது. நுகர்வை ஆராய உங்கள் ஊர் ஆட்கள், உற்பத்தியை ஆராய எங்கள் ஊர் ஆட்கள் என்று அழகாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள். இப்படிப் பிரித்தால் வருடத்துக்கு ஒருமுறை கூடி, அவரவர் கட்டுரையை வாசித்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு கலைந்துவிடுவோம். காகிதத்துக்கு இந்தத் துறையில் பஞ்சமே இல்லை. 1992 ரியோ மாநாட்டு ஆவணத்திலேயே நுகர்வு முறைகளை மாற்றுவதற்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. 2012இல் அதே ஊரில் பத்தாண்டுச் செயல்திட்டம், 2015இல் பொறுப்பான நுகர்வு, உற்பத்தி என்ற ஐ.நா.வின் 12ஆவது நிலையான வளர்ச்சி இலக்கு. இன்னொரு அறிக்கை எழுதத்தான் என்றால் எனக்கு ஆசையில்லை.

நம் திருப்பூர்க் கதையை உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் உன்னோடு வேலை செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாசனத்துக்காக நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கீழே கரூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு, இல்லாமல் பட்டறை ஓட்ட முடியாது என்ற நிலை வந்தது. மீறுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஊர் மொத்தமாக இந்த முறைக்கு மாறியது பெரிய காரியம்தான்.

அது எப்படி ஓடுகிறது என்று ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நின்று பார்க்க வேண்டும். கழிவுநீரைச் சுத்தம் செய்து, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வழியாக அனுப்பினால் பெரும்பகுதித் தண்ணீர் திரும்பக் கிடைத்துவிடும். மிஞ்சுகிற உப்புக் கரைசலைத்தான் எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்துச் சுண்டவைக்க வேண்டும். அதற்கு ஆவி வேண்டும், ஆவிக்குப் பாய்லர், பாய்லருக்கு விறகு. லாரி லாரியாக விறகு வந்து இறங்குகிறது. சுண்டி வரும் உப்பில் ஒரு பகுதி மறுபடி சாயத் தொட்டிக்கே போகும். எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கிக் கிடக்கும். ஆற்றைக் காப்பாற்ற மரத்தை எரிக்கிறோம், மின்சாரத்தைக் கொட்டுகிறோம். இந்தச் செலவெல்லாம் சாயக் கூலியில்தான் ஏறுகிறது. பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்காரர், விலை பேசும்போது இதையெல்லாம் கணக்கில் எடுப்பாரா? இந்தச் செலவே இல்லாத வேறு ஊரின் விலையைக் காட்டித்தான் குறைக்கச் சொல்வார்.

அதனால் என் யோசனை இதுதான். வலையமைப்பின் முதல் வேலையாக ஒரே ஒரு கேள்வியை இரண்டு பக்கமும் சேர்ந்து எடுப்போம். அந்தக் கேள்வி நிறத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

சிரிக்காதே, காரணம் சொல்கிறேன். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். கருநீலம், கறுப்பு, அடர்சிவப்பு என்றால் சாயமும் அதிகம், உப்பும் அதிகம். துணியில் பிடிக்காமல் தங்கும் சாயத்தைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு மறுபடி மறுபடி அலச வேண்டும். வெளிர்நிறத்துக்கு இவ்வளவு பாடு கிடையாது. இத்தனையும் முடிந்த பிறகு, முன்பே ஒப்புதல் கொடுத்த லேப் டிப்போடு (சாயமேற்றிய மாதிரித் துண்டு) ஒப்பிட்டு பையர் தரப்பில் "ஷேடு கொஞ்சம் மாறுது" என்று சொல்லிவிட்டால் ஒன்றாகச் சாயமேற்றிய அந்த லாட் திரும்பத் தொட்டிக்குப் போகும். திரும்பத் தண்ணீர், திரும்ப உப்பு, திரும்ப விறகு. சாய மாஸ்டர்களோடு பேசிப் பார், அவர்கள் தூக்கம் கெடுவது இதில்தான்.

இப்போது உன் பக்கத்துக் கேள்வி: கடையில் அந்த டீ சர்ட்டை எடுத்துப் பார்க்கும் பெண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? ஒரே சட்டையின் கையும் உடம்பும் வேறுவேறு ஷேடில் இருந்தால் கட்டாயம் தெரியும். ஆனால் இந்த மாத லாட்டுக்கும் போன மாத லாட்டுக்கும் இடையே நூலிழை வித்தியாசம் இருந்தால்? இங்கே காதர்பேட்டைத் துணிச்சந்தைக்குப் போனால், ஏற்றுமதியில் கழித்துவிட்ட சரக்கு குவிந்து கிடக்கிறது. ஷேடு மாறியதை அங்கே யாரும் கேட்பதில்லை. தையல் நன்றாக இருக்கிறதா, துவைத்தால் சுருங்குமா, விலை என்ன, அவ்வளவுதான். ஷேடு விஷயத்தில் பையர் காட்டும் கறார் யாருக்காக? வாங்குகிறவருக்கா, இல்லை அலுவலகத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறவருக்கா? இதற்கு நீ கடையில் ஆய்வு செய்ய வேண்டும், நான் பட்டறையில் அளக்க வேண்டும். தனியாக இரண்டு பேராலும் முடியாது. உற்பத்தியும் நுகர்வும் உண்மையிலேயே ஒட்டும் இடம் இது.

இன்னொன்று, தகவல் யாருடையது என்ற கேள்வி. ஜெர்மனியில் 2023 முதல், சரக்கு வரும் வழியில் நடக்கும் மனித உரிமை, சுற்றுச்சூழல் மீறல்களைக் கவனிக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் விநியோகச் சங்கிலிச் சட்டம் அமலில் இருப்பது உனக்குத் தெரியும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த விதிப்படி பொருளின் விவரங்களைத் தாங்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் வேறு வரப்போகிறது. கடைசியில் அந்தப் படிவங்களை நிரப்பப்போவது இங்கே கூலிக்கு ஜாப் ஒர்க் செய்யும் சின்னப் பட்டறைக்காரர்தான். தண்ணீர் எவ்வளவு, கரண்ட் எவ்வளவு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள், பக்கத்துப் பட்டறையோடு ஒப்பிட்டால் அவர் நிலை என்ன என்று திரும்பிச் சொல்வதில்லை. ஆய்வு மாணவர்களும் இதில் சேர்த்திதான். அளந்தது எதுவானாலும் அளக்க விட்டவருக்கு முதலில் தமிழில் திரும்பிப் போக வேண்டும் என்பதை வலையமைப்பின் விதியாகவே எழுது. இது இல்லையென்றால் இரண்டாவது வருடம் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள்.

உறுப்பினர் பட்டியலில் பேராசிரியர்கள் மட்டும் வேண்டாம். ஒரு சாய மாஸ்டர், சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் ஒருவர், ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, உங்கள் பக்கத்தில் கடைக்குக் கொள்முதல் செய்யும் ஒருவர். இந்த நாலு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் கூட்டம் சண்டையில்தான் முடியும். பரவாயில்லை.

என் பெரியவன் கதைக்கு வருகிறேன். நுகர்வு என்றால் ஐரோப்பா மட்டும் என்று உன் வரைவு நினைத்துக்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு இங்கே கடைவீதியில் நின்று பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். இங்கே வாங்குவதையும் திருப்பி அனுப்புவதையும் ஆராய ஆள் வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு மாணவிகள் ஆர்வமாக இருக்கிறார்கள்.

பணம் யார் தருகிறார்கள் என்று நீ எழுதவே இல்லை. ஏதாவது துணி நிறுவனம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடு, முடிவுகளை வெளியிடுவதில் அவர்கள் கை இருக்கக்கூடாது.

ஜனவரியில் வருவதாக இருந்தால் பொங்கல் கழிந்து ஒரு வாரம் விட்டு வா. பொங்கல் வாரம் பாதித் திருப்பூர் சொந்த ஊருக்குப் போயிருக்கும், பட்டறையில் பேச ஆள் கிடைக்காது.

அன்புடன்,
வசந்தி