இலக்கியப் பரிசு நடுவர்களுக்கு ஒரு வாசகரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் வெளியிடும் நெடும்பட்டியலையும் குறும்பட்டியலையும் ஆவலோடு எதிர்பார்த்து, அவற்றில் உள்ள நூல்களைத் தேடி வாசிப்பவர்களில் ஒருவர் என்ற உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் தேர்வின் வழியாக எனக்கு அறிமுகமான எழுத்தாளர்கள் பலர் உண்டு. அந்த நன்றியோடுதான் இந்த வேண்டுகோளையும் வைக்கிறேன். ஒரு நூல் எந்த வகைமையைச் சேர்ந்தது என்பதைக் கொண்டே அதன் தகுதியை முடிவுசெய்துவிடும் வழக்கம் பரிசுக் குழுக்கள் பலவற்றில் இன்னும் நீடிக்கிறது. குடும்பத்தையும் சமூகத்தையும் பற்றிய யதார்த்த நாவல் என்றால் இலக்கியம், துப்பறியும் நாவல் என்றால் பொழுதுபோக்கு, அறிவியல் புனைகதை என்றால் இளைஞர்களின் விருப்பம், சிறார் நூல் என்றால் தனியே ஒரு சிறு பரிசு போதும், அறிவியல் நூல் என்றால் வெறும் தகவல் என்று, முதல் பக்கத்தைப் புரட்டும் முன்பே நூல்கள் வரிசை பிரிக்கப்பட்டுவிடுகின்றன. எல்லா வகைமைகளையும் ஒரே ஈடுபாட்டோடு வாசித்துவரும் எனக்கு, நான் கண்ட நல்ல நூல்களும் மோசமான நூல்களும் இந்த வரிசைப்படி அமைந்ததாகத் தோன்றவில்லை. சோர்வூட்டும் யதார்த்த நாவல்களையும் படித்திருக்கிறேன். வரிக்கு வரி செதுக்கப்பட்ட குற்றக் கதைகளையும் படித்திருக்கிறேன்.

நான் கேட்பது சலுகை அன்று. ஒவ்வொரு வகைமையும் வாசகருக்கு ஒரு வாக்குறுதியைத் தருகிறது. அந்த வாக்குறுதியை ஒரு நூல் எவ்வளவு நேர்மையாகவும் எவ்வளவு கலைநயத்தோடும் நிறைவேற்றியிருக்கிறது என்பதையே உங்கள் முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இது புதிய கோரிக்கையும் அன்று. நோபல் பரிசின் விதிகள், இலக்கியம் என்பதில் புனைவும் கவிதையும் மட்டுமல்லாமல், வடிவத்தாலும் நடையாலும் இலக்கிய மதிப்புப் பெற்ற பிற எழுத்துகளும் அடங்கும் என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகின்றன. 1902இல் அந்தப் பரிசு ரோமானிய வரலாறு எழுதிய தியோடர் மொம்சனுக்கும், 1950இல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்கும், 2015இல் போரையும் அணு உலை விபத்தையும் கடந்துவந்த எளிய மக்களின் குரல்களைக் கேட்டுத் தொகுத்த ஸ்வெத்லானா அலெக்சியேவிச்சுக்கும் வழங்கப்பட்டது. சாகித்திய அகாதெமி 1955இல் தமிழுக்கு அளித்த முதல் பரிசே ரா. பி. சேதுப்பிள்ளையின் கட்டுரை நூலுக்குத்தான் சென்றது. விதிகள் இவ்வளவு விரிந்த மனத்தோடு எழுதப்பட்டிருக்க, நடைமுறை மட்டும் ஏன் குறுகிக்கொண்டே வர வேண்டும்?

முதலில் துப்பறியும் நாவலைப் பற்றிச் சொல்கிறேன். ஏனெனில் நடுவர் மேசையில் மிக எளிதாக ஒதுக்கப்படுவது அதுதான். எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட சிறுகதையோடு நவீன வடிவம் பெற்ற இந்த வகைமை, வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் மற்ற எதையும்விடக் கறாரானது. பாதிரியாராகவும் துப்பறியும் கதை எழுத்தாளராகவும் இருந்த ரொனால்டு நாக்ஸ் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகிவிட வேண்டும், துப்பறிபவர் கண்டெடுக்கும் தடயம் வாசகரின் பார்வைக்கும் உடனே வந்துவிட வேண்டும், தற்செயல் நிகழ்ச்சி எதுவும் துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது என்பவை அவற்றுள் சில. இந்த விதிகளை மீறியும் சிறந்த நாவல்கள் பிறந்திருக்கின்றன என்பது உண்மையே. ஆனால் விதிகளின் உள்ளே இருக்கும் அறம் மாறவில்லை: எழுத்தாளர் எல்லாவற்றையும் நம் கண் முன்னே வைத்துவிட்டு, நாம் காணத் தவறும்படி எழுத வேண்டும். அதற்கு வேண்டிய சொற்கட்டுப்பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒரே வாக்கியம் முதல் வாசிப்பில் சாதாரணச் செய்தியாகவும், முடிவு தெரிந்தபின் வாசிக்கும்போது ஒப்புதல் வாக்குமூலமாகவும் ஒலிக்க வேண்டும். இரண்டு வாசிப்பிலும் அதில் பொய் இருக்கக் கூடாது. கவிதைக்கு வெளியே சொல்லின் மீது இவ்வளவு கவனத்தைக் கோரும் எழுத்து மிகக் குறைவு.

இந்த வகைமையில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஓர் உறவினரைக் கொண்டுவந்து பழியைச் சுமத்துவது, மனநோயை மட்டுமே காரணமாகக் காட்டிக் கொலையை விளக்கிவிடுவது, கொல்லப்பட்ட பெண்ணைப் பற்றி அவள் உடலைத் தவிர வேறெதையும் சொல்லாமல் விடுவது ஆகியவை எனக்குக் கடும் வருத்தம் தருபவை. குறிப்பாக அந்த மூன்றாவது குறை மன்னிக்க முடியாதது. இறந்தவர் யார், அவர் இல்லாமல் போனதால் யாருடைய வாழ்வில் என்ன குறைந்தது என்று சொல்லாத குற்றக் கதை எவ்வளவு சாமர்த்தியமாகப் பின்னப்பட்டிருந்தாலும் எனக்கு வெறுமையாகவே படுகிறது. இத்தகைய குறைகளுக்காக ஒரு நூலை நிராகரியுங்கள். அதை முழு மனத்தோடு ஏற்பேன். அட்டையில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் நிராகரிக்காதீர்கள்.

அறிவியல் புனைகதையைப் பொறுத்தவரை, எதிர்காலத்தை எவ்வளவு சரியாகக் கணித்தது என்று பார்ப்பது தவறான அளவுகோல். ஓர் அனுமானத்தை எடுத்துக்கொண்டு, அதன் விளைவுகளிலிருந்து தப்பித்துக்கொள்ளாமல் கடைசிவரை பின்தொடர்வதே அதன் பணி. மேரி ஷெல்லி 1818இல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட நாவல் இன்றும் வாசிக்கப்படுவதற்குக் காரணம் அதிலுள்ள ஆய்வுக்கூட விவரங்கள் அல்ல. அப்படி எந்த விவரமும் அதில் ஏறக்குறைய இல்லை. தான் உருவாக்கிய உயிருக்குப் பொறுப்பேற்க மறுப்பவனின் கதை என்பதாலேயே அது பழையதாகவில்லை. இயந்திரங்களின் பெயர்களை அடுக்கிவிட்டு மனிதர்களை மறந்துவிடும் நூல்கள் இந்த வகைமையில் ஏராளம். அவற்றைப் பிரித்தறிய இதே வகைமையை நிறைய வாசித்த ஒருவர் உங்கள் குழுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால், பலர் ஏற்கெனவே எழுதித் தேய்ந்துபோன கற்பனையைப் புதுமை என்று நினைத்துப் பாராட்டிவிடவும், உண்மையிலேயே புதிய ஒன்றைப் புரியவில்லை என்று ஒதுக்கிவிடவும் நேரும்.

வரலாற்று நாவலில் ஆய்வின் அளவைக் கண்டு மயங்க வேண்டாம் என்பது என் பணிவான கருத்து. எழுத்தாளர் எத்தனை கல்வெட்டுகளைப் படித்தார் என்பதைவிட, படித்தவற்றில் எவ்வளவைக் கதைக்கு வெளியே நிறுத்திவைத்தார் என்பதே அவருடைய திறமையைக் காட்டும். அக்கால மனிதர்கள் அக்கால நம்பிக்கைகளோடு சிந்திக்க வேண்டும். நம் காலத்துக் கருத்துகளைப் பழைய உடையில் பேசவைப்பது எளிது, ஆனால் அது வரலாறும் ஆகாது, நாவலும் ஆகாது. எது ஆவணங்களில் உள்ளது, எது தம் கற்பனை என்று பின்னுரையில் தெளிவாகச் சொல்லும் எழுத்தாளர்களை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த ஒரு பக்கத்தையும் சேர்த்து வாசித்து மதிப்பிடுங்கள். காதல் நாவலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று: முடிவு முன்பே தெரிந்திருப்பது அதன் பலவீனம் அன்று. அந்த முடிவுக்கு அவ்விருவரும் தகுதி பெறும் வழியை உருவாக்குவதில்தான் அதன் சவால் இருக்கிறது.

சிறார் நூல்களைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சற்று உணர்ச்சி கூடிவிடுகிறது. பிலிப் புல்மனின் நாவல் பிரிட்டனின் இலக்கியப் பரிசுகளுள் ஒன்றான விட்பிரெட் பரிசில் 2001ஆம் ஆண்டுக்கான சிறந்த நூலாகத் தேர்வானபோது, சிறாருக்கான நூல் ஒன்று அந்தப் பெருமையைப் பெற்றது அதுவே முதல்முறை. பெரியவர்களுக்கான கவிதையோடும் வாழ்க்கை வரலாற்றோடும் நேருக்கு நேர் நின்று அது வென்றது. அப்படி நிற்க இடம் கொடுத்தால் நிற்கக்கூடிய நூல்கள் பிற மொழிகளிலும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் அவற்றுக்கென்று தனிப் பரிசு ஒன்றை வைத்துவிட்டு, பொதுப் பரிசின் கதவை மூடிவிடுகிறோம். தனிப் பரிசு இருப்பது நல்லதே; அது வேலியாக மாறுவதுதான் துயரம். சிறாருக்கு எழுதுபவருக்குச் சலிப்பூட்டும் பத்தி ஒன்றைக்கூட எழுதும் உரிமை இல்லை, ஏனெனில் குழந்தை மரியாதைக்காக ஒரு நூலைப் படித்து முடிப்பதில்லை. குறைந்த சொற்களில், குறுகிய வாக்கியங்களில், மரணம், பிரிவு, பொறாமை, அநீதி ஆகியவற்றைப் பொய் சொல்லாமல் எழுத வேண்டும். இத்தகைய நூல்களை மதிப்பிடும்போது தயவுசெய்து உரக்க வாசித்துப் பாருங்கள். நீதியைச் சொல்வதற்காகவே கதையை இழுத்துவந்த நூல், காதால் கேட்ட உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். படங்களும் கதையின் பகுதிதான் என்பதை மறவாதீர்கள். ஓவியரின் பெயர் அறிவிப்பில் விடுபட்டுப்போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வரைகதைகளுக்கும் இதே நிலைமைதான். யூத இனப்படுகொலையிலிருந்து உயிர்தப்பிய தம் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் வரைகதையாகப் படைத்தபோது, 1992இல் புலிட்சர் குழு அதற்குச் சிறப்பு விருது அளித்தது. வழக்கமான பிரிவுகள் எதிலும் சேர்க்காமல் தனியாகக் கௌரவித்த அந்த முடிவு, படைப்புக்குக் கிடைத்த பெருமையோடு பிரிவுகளின் போதாமையையும் காட்டுகிறது.

அடுத்து அபுனைவு. அறிவியலை எழுதும் நூல்களைத் தகவல் தொகுப்பாகக் கருதும் பார்வை மிகவும் பழுதுபட்டது. ரேச்சல் கார்சன் கடலைப் பற்றி எழுதிய நூல் 1952இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. அவர் 1962இல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி எழுதிய நூல் எழுப்பிய விவாதம், 1972இல் அந்நாட்டில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியின் பயன்பாடு பெரும்பாலும் தடைசெய்யப்படும் வரை நீண்டது. அவர் சொன்ன செய்திகள் பல ஏற்கெனவே ஆய்விதழ்களில் இருந்தன. அவற்றைப் பொதுமக்கள் தம் வாழ்வோடு தொடர்புடையவையாக உணரச் செய்தது அவருடைய உரைநடை. நல்ல அறிவியல் நூல், ஒன்றை நாம் அறிவோம் என்று சொல்வதோடு நிற்காமல், அதை எப்படி அறிந்தோம், எங்கே தவறினோம், இன்னும் எது தெரியவில்லை என்பதையும் சொல்லும். அந்த நேர்மை இல்லாமல் வியப்பை மட்டும் ஊட்டும் நூல்கள் எவ்வளவு விற்றாலும் பரிசுக்குரியவை அல்ல.

வாழ்க்கை வரலாறுகளில் எனக்குப் பெரும் குறையாகத் தெரிவது புகழுரை. ஒருவரை மதிப்பதற்கும் அவரைக் கேள்வி கேட்பதற்கும் இடையே முரண்பாடு இருப்பதாக நினைக்கும் ஆசிரியர் வாழ்க்கை வரலாற்றைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. தன்வரலாற்றில் அளவுகோல் வேறு: ஆசிரியர் தம்மைப் பற்றி எவ்வளவு வெளிப்படையாகச் சொன்னார் என்பதைவிட, அந்நூலில் பதில் சொல்ல வாய்ப்பில்லாத பிறரை எவ்வளவு நியாயமாக நடத்தினார் என்பதையே நான் பார்க்கிறேன்.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் பரிசுத் தொகையை நூலாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பகிர்ந்தளிக்கிறது. பிற பரிசுகளும் பின்பற்றத்தக்க முடிவு இது. வேற்றுமொழி நூல் ஒன்றை நாம் வாசிக்கும்போது நம் கண்ணில் படும் ஒவ்வொரு சொல்லும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்தது. பாராட்டுரையில் நடையழகைப் புகழ்ந்துவிட்டு அவர் பெயரைச் சொல்லாமல் விடுவது, அந்த உழைப்பை இல்லாததாக்குவதாகும்.

கவிதைத் தொகுப்பும் சிறுகதைத் தொகுப்பும் நாவலோடு ஒரே பட்டியலில் போட்டியிடும்போது தோற்பதற்குப் பெரும் காரணம் வாசிக்கும் முறைதான் என்று நம்புகிறேன். நாவலைத் தொடர்ச்சியாக வாசிக்கலாம். கவிதையை அப்படி வாசித்தால் பத்தாவது பக்கத்தில் காது அடைத்துவிடும். சிறுகதைகளையே வாழ்நாள் முழுதும் எழுதிய ஆலிஸ் மன்றோவுக்கு 2013இல் நோபல் பரிசு கிடைத்தது, ஒரு கதையின் இருபது முப்பது பக்கங்களுக்குள் ஒரு முழு வாழ்வையும் அடக்க முடியும் என்பதற்கான அங்கீகாரமாகவே எனக்குப் பட்டது. அத்தகைய கதை ஒன்றை முடித்ததும் உடனே அடுத்ததற்குத் தாவாத வாசிப்புக்கு உங்கள் கால அட்டவணையில் இடம் இருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த ஆண்டுக்கான அறிவிப்பை வெளியிடும் முன் மூன்று மாற்றங்களைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பரிந்துரை விதிகளில் வகைமையைக் காரணம் காட்டி நூலை விலக்கும் வரிகள் இருந்தால் அவற்றை நீக்குங்கள். நடுவர் குழுவில் குறைந்தது ஒருவராவது குற்றக் கதை, அறிவியல் புனைகதை, சிறார் நூல் ஆகியவற்றை ஆழ்ந்து வாசிப்பவராக இருக்கட்டும். குறும்பட்டியலோடு, ஒவ்வொரு நூலையும் எந்த அளவுகோலால் தேர்ந்தீர்கள் என்று ஒரு பத்தியாவது எழுதி வெளியிடுங்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியம். உங்கள் காரணங்கள் தெரிந்தால், உங்கள் முடிவோடு உடன்படாத வாசகரும் அவற்றைப் படித்து விவாதிக்க முடியும், விடுபட்ட நூல்களை அடுத்த சுற்றுக்குத் தக்க காரணங்களோடு பரிந்துரைக்கவும் முடியும். அவ்வாறு பரிந்துரைக்க என்னிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. அதில் துப்பறியும் நாவல் ஒன்றும், சிறாருக்கான நூல் ஒன்றும் முதலிடங்களில் உள்ளன.

மிக்க மதிப்புடன்,
ஒரு வாசகர்