கண்டெய்னர் பில்டில் தொடரும் பதிவிறக்கத் தடங்கலும் உங்கள் ஆதரவுப் பிரிவின் அலட்சியமும்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைவர் அவர்கள்

பொருள்: புதிய பில்ட் இயந்திரங்களில் எம்.டி.யு. (பாக்கெட் எனும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) பொருந்தாததால் டிபென்டென்சிகள் (பில்டுக்குத் தேவையான வெளி மென்பொருள் தொகுப்புகள்) இறங்காமல் பில்டுகள் தோல்வியடைவதும், தொங்கி நிற்கும் நேரத்துக்கும் கட்டணம் பிடிக்கப்படுவதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் பில்ட் சேவைக்குச் சந்தா செலுத்திவரும் ஒரு மென்பொருள் குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன். இதே விஷயத்தை டிக்கெட்டாகவும், சாட்டிலும், வீடியோ அழைப்பிலும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகே ஆதரவுப் பிரிவைத் தாண்டித் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருகிறேன். எங்கள் கணக்கைப் புதிய இயந்திரங்களுக்கு நீங்கள் மாற்றியதிலிருந்து, கண்டெய்னர் பில்டின்போது (மென்பொருளைத் தனித்து ஓடும் பெட்டியாகக் கட்டும்போது) டிபென்டென்சிகளை இறக்கும் படியில் எங்கள் பில்டுகள் தொங்கி நின்று, கடைசியில் டைம் அவுட் ஆகி விழுகின்றன. ஒன்றிரண்டு தப்பிப் பிழைப்பதும் உண்டு. அதுவே எங்களுக்கு வினையாகிவிட்டது. "காலையில் ஓடியிருக்கிறதே" என்பதுதான் உங்கள் அலுவலர்கள் ஒவ்வொருவரின் முதல் பதிலும்.

தோல்வி எப்படி நேர்கிறது என்பதை நீங்கள் சேமித்து வைத்திருக்கும் லாகிலேயே பார்க்கலாம். தொகுப்புகளை இறக்கும் ஆப்ட் கருவி சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்கிறது, இணைப்பும் கிடைத்துவிட்டதாகச் சொல்கிறது, அதன் பிறகு ஹெடருக்குக் (பதிலின் தலைப்புப் பகுதிக்குக்) காத்திருக்கும் வரியில் பூஜ்யம் சதவீதத்திலேயே உறைந்துவிடுகிறது. பைத்தான் தொகுப்புகளை இறக்கும் பிப், பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் டி.எல்.எஸ். ஹேண்ட்ஷேக்கைக்கூட முடிக்காமல், இயல்பாக உள்ள 15 வினாடிக் கெடு தீர்ந்ததும் 'ரீட் டைம்ட் அவுட்' என்று எழுதிவிட்டு மறுபடி முயல்கிறது. மறுபடியும் அதே வரி. பெயர் கண்டறிவதில் கோளாறு என்றால் பிழைச்செய்தியே வேறாக இருக்கும். இணைப்பு மறுக்கப்பட்டிருந்தால் பதில் உடனே திரும்பியிருக்கும். இங்கே சிறிய பாக்கெட்டுகள் தடையின்றிப் போய் வருகின்றன, முதல் பெரிய பாக்கெட் வர வேண்டிய இடத்தில் எல்லாம் நின்றுவிடுகிறது. கண்டெய்னர் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இந்த அறிகுறியின் பொருளை வாடிக்கையாளர் விளக்க வேண்டியிருக்கும் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

உங்கள் மூத்த ஆதரவு அலுவலர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர் எங்கள் டாக்கர்ஃபைலைப் (கண்டெய்னரைக் கட்டும் படிகள் அடங்கிய கோப்பைப்) பற்றிச் சாட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "எங்கள் நெட்வொர்க்கில் பிரச்சினை எதுவும் இல்லை. உங்கள் டாக்கர்ஃபைலை விஷயம் தெரிந்த யாரிடமாவது கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்." நான் பதில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே டிக்கெட்டைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடியும்விட்டார். அடுத்த நொடி, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்கான பதிலாகவும் இக்கடிதத்தைக் கொள்ளலாம்.

அவர் மூடிய டிக்கெட்டில் இணைத்திருந்த சான்றை இங்கே மீண்டும் வைக்கிறேன். உங்கள் பில்ட் இயந்திரத்தின் வெளி இடைமுகத்தில் எம்.டி.யு. 1450; அதே இயந்திரத்தில், கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் பிரிட்ஜில் (கண்டெய்னர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்கில்) 1500. உங்கள் இயந்திரங்கள் வி.எக்ஸ்.லான் மேலடுக்கில் (பாக்கெட்டை இன்னோர் உறைக்குள் வைத்து அனுப்பும் மெய்நிகர் நெட்வொர்க்கில்) ஓடுகின்றன என்பதும், அந்த உறை ஒவ்வொரு பாக்கெட்டிலும் 50 பைட்டை எடுத்துக்கொள்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. கண்டெய்னர் தன் எல்லை 1500 என்று நம்பி, ஹெடர்களின் 40 பைட் போக 1460 பைட் துண்டுகளாக அனுப்பும்படி எதிர்முனைச் சர்வருக்குச் சொல்கிறது. சர்வரும் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு முழு அளவில் அனுப்புகிறது. அது உங்கள் மேலடுக்கின் வாயிலில் நுழைய முடியாமல் விழுகிறது. "பாக்கெட் பெரியது, சிறிதாக்கி அனுப்பு" என்று சர்வருக்குத் திரும்பிப் போக வேண்டிய ஐ.சி.எம்.பி. செய்தி (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) போய்ச் சேர்வதில்லை, ஆகவே சர்வர் அதே அளவையே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கிறது. இந்தச் செய்தியை நம்பிப் பாதையின் எம்.டி.யு.வைக் கண்டறியும் முறை 1990இல் ஆர்.எஃப்.சி. 1191 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது, ஐ.சி.எம்.பி.யை ஃபயர்வால் விழுங்கினால் டி.சி.பி. இணைப்பு என்ன ஆகும் என்பதை 2000இல் வந்த ஆர்.எஃப்.சி. 2923 விரிவாகவே பேசுகிறது. இதெல்லாம் நேற்று முளைத்த புதிர் அல்ல. எதிர்முனையில் சில சர்வர்கள் சிறிய துண்டுகளாக அனுப்புவதாலோ, பாக்கெட்டுகள் சத்தமின்றித் தொலையும் இந்தக் கருந்துளையை உணர்ந்து தாமே அளவைக் குறைத்துக்கொள்வதாலோதான் சில பதிவிறக்கங்கள் தப்புகின்றன.

கண்டெய்னருக்குள்ளிருந்து, துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் (சோதனைப் பாக்கெட்) அனுப்பினேன். 1422 பைட் வைத்தால் (ஹெடர்களின் 28 சேர்ந்து 1450) பதில் வருகிறது. 1423 வைத்தால் எல்லை 1450 என்று உங்கள் இயந்திரமே எழுதிக் காட்டுகிறது. உங்கள் இயந்திரமே ஒப்புக்கொள்வதை உங்கள் அலுவலர் மறுக்கிறார்.

"எங்கள் பக்கம் கர்ல் வேலை செய்கிறது" என்று, அந்தப் பதிவிறக்கக் கருவியை ஓட்டிக் காட்டும் திரைப்பதிவை இன்னொருவர் அனுப்பினார். அவர் அதை ஓட்டியது இயந்திரத்தில்; கண்டெய்னருக்குள் அல்ல. இயந்திரத்துக்குத் தன் எல்லை 1450 என்று தெரியும், அதனால் அங்கே வேலை செய்யத்தான் செய்யும். அந்தப் பதிவு எங்கள் கட்சிக்கான சான்று என்பதைக்கூட அவர் உணரவில்லை. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் வெட்டி ஒட்டிய பதில்கள். முகவரி கண்டறியும் டி.என்.எஸ்.ஸை 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்கு மாற்றச் சொன்னார்கள். முகவரி கிடைத்து இணைப்பும் திறந்த பிறகு நிற்கும் பதிவிறக்கத்துக்கு டி.என்.எஸ். என்ன செய்யும்? 2020 நவம்பர் முதல் டாக்கர் ஹப் (இமேஜ் எனும் கண்டெய்னர் வார்ப்புகளின் களஞ்சியம்) இமேஜ் பதிவிறக்கத்துக்கு வரம்பு வைத்திருப்பதை நினைவூட்டினார்கள். வரம்பை மீறினால் 429 என்ற பதில் வரும், இங்கே பதிலே வருவதில்லை, தவிர எங்கள் அடிப்படை இமேஜ் முழுமையாக இறங்கிய பிறகே சிக்கல் தொடங்குகிறது. பிப்பின் கெடுவை 100 வினாடியாக உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினோம். 15 வினாடியில் விழுந்தது 100 வினாடியில் விழுந்தது, அந்தக் கூடுதல் வினாடிகளுக்கும் நீங்கள் பணம் பிடித்தீர்கள்.

எல்லாவற்றிலும் வீணானது அந்த வீடியோ அழைப்பு. நெட்வொர்க் பொறியாளர் வருவார் என்று உறுதியளித்ததால் எங்கள் குழு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. வந்தவர் பொறியாளர் அல்லர். மேலே சொன்ன அதே மூத்த அலுவலர்தான். கேமராவை அணைத்துவிட்டு, திரையைப் பகிரச் சொல்லி, கேஷ் (முந்தைய பில்டில் சேமித்தவை) இல்லாமல் மறுபடி பில்ட் செய்யுங்கள் என்றார். கேஷை நீக்கினால் இறக்க வேண்டியது கூடும், தோல்வியும் கூடும் என்றேன். "சொன்னதைச் செய்தால்தான் மேலே போக முடியும்" என்றார். செய்தோம். விழுந்தது. "நெட்வொர்க் குழுவுக்கு அனுப்புகிறேன்" என்று அழைப்பைத் துண்டித்தார்; அது கிணற்றில் போட்ட கல்லாகவே இன்றுவரை கிடக்கிறது.

அவசரத்துக்கு ஹோஸ்ட் நெட்வொர்க்கில் (பிரிட்ஜைத் தவிர்த்து இயந்திரத்தின் நெட்வொர்க்கிலேயே) பில்டை ஓட்டியபோது, தொங்கிக்கொண்டிருந்த அதே டாக்கர்ஃபைல் ஓர் எழுத்தும் மாறாமல் ஒரே மூச்சில் முடிந்தது. கோளாறு எங்கே என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்கு நன்றி கிடைக்கவில்லை. ஹோஸ்ட் நெட்வொர்க் உங்கள் பாதுகாப்பு விதிக்கு எதிரானது, தொடர்ந்தால் கணக்கு முடக்கப்படும் என்ற எச்சரிக்கைதான் கிடைத்தது. அனுப்பியவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. டாக்கரைப் பின்னணியில் இயக்கும் டீமனின் கட்டமைப்புக் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது, அதை நாங்கள் தொட முடியாது. தொடக்கூடிய ஒரே வழியையும் அடைத்துவிட்டால் வாடிக்கையாளர் எங்கே போவது?

இதனால் எங்களுக்கு நேர்ந்த இழப்பு சொல்லி மாளாது. வெளியீடு தள்ளிப்போய், எங்கள் வாடிக்கையாளர்களிடம் இத்தனை ஆண்டுகள் சேர்த்த நற்பெயர் அத்தனையும் அழிந்துவிட்டது என்றே சொல்வேன். பில்ட் விழுந்ததும் கையால் மறுபடி ஓட்டுவதைத் தவிர எங்கள் பொறியாளர்கள் வேறு எந்த வேலையும் செய்ய முடியாமல் போயிற்று. தொங்கி நின்ற ஒவ்வொரு நிமிடமும் 'பயன்படுத்திய நிமிடம்' என்று பில்லில் ஏறியிருக்கிறது. உங்கள் கோளாறு நீடிக்க நீடிக்க உங்கள் வருமானம் கூடுகிறது என்பதை, குற்றச்சாட்டாக அல்ல, உங்கள் பில்லில் உள்ளபடியே குறிப்பிடுகிறேன்.

தங்களிடம் பணிவுடன் கேட்பது பெரிதல்ல. டீமன் கட்டமைப்பில் எம்.டி.யு.வை 1450 என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இயல்பு பிரிட்ஜை மட்டுமே கட்டுப்படுத்தும், பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கம்போஸ் கருவி உருவாக்கும் நெட்வொர்க்குகளுக்குத் தனியாக அமைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்; இல்லையென்றால் பாதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி டிக்கெட்டை மூடுவீர்கள். வாயிலிலேயே எம்.எஸ்.எஸ். எனும் துண்டு அளவைக் கட்டுப்படுத்துவதோ, விழுங்கப்படும் ஐ.சி.எம்.பி. செய்திக்கு வழிவிடுவதோ உங்களுக்கு எளிது என்றால் அப்படியே செய்யுங்கள். சரியாகும்வரை எங்களைப் பழைய இயந்திரங்களுக்கே திருப்பி அனுப்புங்கள். தோல்வியுற்ற பில்டுகளின் நிமிடங்களைக் கணக்கில் வரவு வையுங்கள். அந்த மூத்த அலுவலர் எங்கள் டிக்கெட்டுகள் எதையும் இனித் தொடக்கூடாது. அவர் எழுதியதற்கு எழுத்துவடிவில் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

ஏழு வேலை நாட்களுக்குள், இந்தக் கடிதத்தை உண்மையிலேயே படித்த ஒரு நெட்வொர்க் பொறியாளரிடமிருந்து பதில் வராவிட்டால், சேவைத்தர ஒப்பந்தத்தை எங்கள் சட்ட ஆலோசகரிடம் ஒப்படைத்துவிட்டு, இழப்பீட்டுக் கோரிக்கையைத் தங்கள் நிர்வாக இயக்குநருக்கே அனுப்புவோம். சந்தாவும் அந்த மாதத்தோடு முடியும். அதற்கு இடம் வைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். லாகுகள், பிங் வெளியீடு, சாட் பதிவு, பில் நகல் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். டிக்கெட்டை மட்டும் தயவுசெய்து மூடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்