8கே ரெண்டரில் நின்றுபோகும் கணினி: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: உங்களிடம் ரெண்டரிங் கணினி வாங்கிய வாடிக்கையாளர், கோயம்புத்தூர்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: வாரண்டிக் காலத்தில் உள்ள கணினியின் பழுதை ‘சாஃப்ட்வேர் பிரச்சினை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவது தொடர்பாக

ஐயா,

வணக்கம். கட்டட நிறுவனங்களுக்கு முப்பரிமாணப் படங்கள் செய்து தருவது என் தொழில். இந்தக் கணினியை ஆர்டர் செய்தபோதே, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் 8கே என்ற மிகப் பெரிய அளவில் ரெண்டர் செய்ய, அதாவது காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கத்தான் வாங்குகிறேன் என்று சொன்னேன். உங்கள் கொட்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாம் ஓடுகிறது. எதற்காக வாங்கினேனோ அந்த வேலை மட்டும் நடக்கவில்லை.

ரெண்டர் பாதி போய்க்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போகிறது. சில விநாடிகளில் திரும்பி வந்தால், பிளெண்டர் மூடியிருக்கும். சில நேரம் ‘வீடியோ டிடிஆர் ஃபெயிலியர்’ என்று நீலத்திரை வந்து கணினியே மறுபடி தொடங்கும். விண்டோஸின் பிழைப்பதிவுகளைக் காட்டும் ஈவெண்ட் வியூவரைத் திறந்தால் 4101 என்ற எண்ணில், டிஸ்ப்ளே டிரைவர் (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) பதில் தருவதை நிறுத்திவிட்டு மீண்டது என்ற பதிவு இருக்கிறது. அந்தப் பதிவுகள் முழுவதையும் இணைத்திருக்கிறேன். சர்வீஸ் சென்டரில் இவற்றை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் முதல் வருத்தம்.

அங்கே ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். விண்டோஸை ஃபார்மட் செய்கிறார்கள், புது டிரைவர் போடுகிறார்கள், பத்து நிமிடம் ஒரு பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ஓட்டுகிறார்கள், ‘டெஸ்ட் பாஸ்’ என்று எழுதித் தருகிறார்கள். அந்த பெஞ்ச்மார்க் ஓடுவது 1920×1080 அளவில். என் படம் 7680×4320, அதாவது 3 கோடியே 31 லட்சம் பிக்சல்கள், அதைவிட 16 மடங்கு. அதுவும் பாத் டிரேசிங்கில், ஒவ்வொரு பிக்சலுக்கும் நூற்றுக்கணக்கான ஒளிக்கதிர்களைக் கணக்கிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு மணிக்கணக்கில் முழுச் சுமையில் இருக்கும், அதன் மெமரியும் சூடாகிக்கொண்டே போகும். பத்து நிமிடத்தில் தெரியாத பழுதை இல்லாத பழுது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

டிரைவர்தான் காரணம் என்ற உங்கள் பதிலை நான் சோதிக்காமல் மறுக்கவில்லை. சேஃப் மோடில் பழைய டிரைவரை அடியோடு நீக்கிவிட்டு, புதியதையும் அதற்கு முந்தைய பதிப்பையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன். மாற்றம் இல்லை. மெமரி பற்றாக்குறையா என்றால் அதுவும் இல்லை. 16 ஜிபி உள்ள கார்டில் இந்தக் காட்சி 11 ஜிபிக்கு மேல் எடுப்பதில்லை. மெமரி போதாவிட்டால் பிளெண்டர் அதைப் பிழைச்செய்தியாகச் சொல்லி ரெண்டரை நிறுத்தும், டிரைவர் விழ வேண்டியதில்லை. தவிர, 3.0 பதிப்பிலிருந்து பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸ், பெரிய படத்தை 2048 பிக்சல் டைல்களாக, அதாவது துண்டுகளாகப் பிரித்து, முடிந்த டைலை டிஸ்க்கில் வைத்துவிடுகிறது. டைல் அளவை 512 ஆகக் குறைத்தும் பார்த்தேன். அப்படியும் நின்றது.

அப்புறம் டிடிஆர். கிராபிக்ஸ் கார்டு 2 விநாடி பதில் தராவிட்டால், அது உறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கும். விஸ்டா காலத்திலிருந்தே உள்ள ஏற்பாடு இது. கனமான ரெண்டரில் நல்ல கார்டுகூட இந்த வரம்பைத் தாண்டலாம் என்பதால், விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலேயை, அதாவது இந்தக் காத்திருப்பு நேரத்தை, 60 விநாடியாக உயர்த்தும்படி உங்கள் ஊழியரே சொன்னார். சரியான யோசனைதான், செய்தேன். இப்போது திரை ஒரு நிமிடம் அப்படியே உறைந்து நிற்கிறது, பிறகு அதே போலக் கறுக்கிறது. நேரம் போதாததுதான் குறை என்றால் இதோடு தீர்ந்திருக்கும். 60 விநாடி கொடுத்தும் கார்டு பதில் தரவில்லை என்றால், அது மெதுவாக வேலை செய்யவில்லை, வேலை செய்வதையே நிறுத்திவிட்டது.

கடைசியாகச் செய்த சோதனையைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கார்டின் கிளாக் வேகம், அதாவது சிப் இயங்கும் வேகம், தொழிற்சாலையிலேயே உயர்த்தி அமைக்கப்பட்டது. அதை 200 மெகாஹெர்ட்ஸ் குறைத்தேன். அதே காட்சி, அதே டிரைவர், அதே 8கே. படம் முழுதாக வந்தது. வேகத்தைப் பழையபடி வைத்ததும் மறுபடி நின்றது. விற்கப்பட்ட வேகத்தில் இந்தக் கணினி நிலையாக ஓடவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கார்டின் சிப் அந்த வேகத்தைத் தாங்காமல் இருக்கலாம். திடீரென்று மின்தேவை ஏறும்போது பவர் சப்ளை ஈடுகொடுக்காமலும் இருக்கலாம், ஏனென்றால் வேகம் குறைந்தால் மின்தேவையும் குறையும். இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியாது. கேபினட்டைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று சீல் ஒட்டியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டுமே நீங்கள் தேர்ந்தெடுத்துப் பொருத்தியவை. எது என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு.

வேகத்தைக் குறைத்தே பயன்படுத்துங்கள் என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். அந்த வேகத்துக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தேன். அதை ஒரு தீர்வாக நான் ஏற்கவில்லை.

இதற்கிடையில், ஒரு அடுக்குமாடித் திட்டத்தின் விளம்பரப் பலகைக்கான படங்களை காசு வாங்கிக்கொண்டு ரெண்டர் செய்து தரும் ஆன்லைன் ரெண்டர் ஃபார்மில் என் கைக்காசைக் கொடுத்து முடித்தேன். ரசீதை இணைத்திருக்கிறேன். தொழிலுக்குப் பயன்படுத்துவதால் நான் நுகர்வோர் ஆகமாட்டேன் என்றும் உங்கள் தரப்பில் சொன்னார்கள். அது தவறு. சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கிய பொருளாக இருந்தால், வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நான் தனி ஆளாக இந்தக் கணினியை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். இணைப்பில் உள்ள பிளெண்டர் கோப்பை, நீங்கள் விற்ற அதே வேகத்தில், 8கே அளவில் முழுதாக ஓட்டிப் பாருங்கள். நின்றால், கார்டையும் பவர் சப்ளையையும் மாற்றி மாற்றிப் பொருத்திச் சோதித்து, பழுதானதைப் புதிதாக மாற்றித் தாருங்கள். மாற்றிய பிறகும் அதே கோப்பு முழுதாக ஓடியதற்கான பதிவைக் கணினியோடு அனுப்புங்கள். ரெண்டர் ஃபார்ம் செலவையும் ஈடுசெய்ய வேண்டும். ஃபார்மட் மட்டும் செய்து திருப்பி அனுப்பினால் வாங்க மாட்டேன்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, என் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், கொட்டேஷன், ஈவெண்ட் வியூவர் பதிவுகள், சர்வீஸ் சீட்டுகள், பிளெண்டர் கோப்பு, ரெண்டர் ஃபார்ம் ரசீது