எங்கள் பிள்ளைகளை மறுபடியும் கொடிமலைக்கு அழைத்துப் போங்கள்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நான் ஆயர் ஈத்தாமில் வசிக்கும் ஒரு தாய். போன ஆண்டு என் மகளின் வகுப்பு, ஐந்தாம் ஆண்டு, கொடிமலைக்குக் கல்விச் சுற்றுலா போனபோது உதவிக்கு நானும் போயிருந்தேன். இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலை வேண்டாம், நீர் விளையாட்டுப் பூங்கா போதும் என்று முடிவாகியிருக்கிறது. மற்ற பள்ளிகளிலும் இதே பேச்சு என்று கேள்விப்பட்டதால்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் மலை கைவிடப்பட்டதற்குக் காரணம் ஒரு குரங்கு. காலையில் மலை ரயிலில் உச்சிக்கு ஏறினோம். ஜீப் பாதை வழியாக நடந்து இறங்கினோம், சுமார் 5 கிலோமீட்டர். கீழே தாவரவியல் பூங்கா வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒரு பையன் கையில் தொங்கிய நாசி லெமாக் பையை ஒரு குரங்கு பிடுங்கியது. பயந்து ஓடியவன் தார்ச்சாலையில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். மருந்து போட்டோம், அழுகை நின்றது. ஆனால் அந்த முட்டியின் படம் வாட்சாப் குழுவுக்குப் போய்விட்டது. “காட்டுக்கெல்லாம் ஏன் கூட்டிப்போகிறீர்கள்?” என்று இரவு முழுக்கக் கேள்விகள்.

அது காட்டுக்குள் நடக்கவே இல்லை. 5 கிலோமீட்டர் காட்டோரமாக நடந்தபோது ஒரு விலங்கும் எங்களை நெருங்கவில்லை. மனிதர்கள் ரொட்டியும் கடலையும் கொடுத்துப் பழக்கிய இடத்தில்தான் குரங்கு பைக்குத் தாவியது. உணவு கொடுக்காதீர்கள் என்று பலகை வைத்தும் கொடுக்கிறோம். நெகிழிப்பையைக் கையில் தொங்கவிடாதே, குரங்கின் கண்ணை உற்றுப் பார்க்காதே, பல்லைக் காட்டிச் சிரிக்காதே, அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும் என்று புறப்படும் முன்பே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அது எங்கள் தவறு, என் தவறும்தான்.

படத்தில் வராத கதையையும் கேளுங்கள். அடிவார நிலையத்தில் பிள்ளைகள் வெப்பமானியைப் பார்த்தார்கள், 29 பாகை. மேலே போய்ப் பார்த்தால் 24. “டீச்சர், யார் ஏர்கோன் போட்டது?” என்று ஒருவன் கேட்க, உயரம் கூடக் கூடக் காற்று ஏன் குளிர்கிறது என்ற பாடத்தை ஆசிரியர் அங்கேயே நடத்தினார். இறங்கும் வழியில் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் உட்காரச் சொன்னார். வகுப்பில் வாயே திறக்காத ஒரு சிறுமிதான் முதலில் கை நீட்டினாள். மரத்தில் லோத்தோங் என்ற இலைக்குரங்குக் கூட்டம். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல் வெள்ளை வளையம், தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி. தாய் கருஞ்சாம்பல், குட்டி ஏன் ஆரஞ்சு? அந்தச் சிறுமி வீடு போகும் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் இருப்பது பாயா தெருபோங் அடுக்குமாடியில். ஜன்னலைத் திறந்தால் மலைதான் தெரியும். அன்றுதான் முதல்முறையாக அதில் கால் வைத்தாள்.

2021இல் யுனெஸ்கோ இந்த மலையையும் தாவரவியல் பூங்காவையும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவையும் சேர்த்து, 12,481 ஹெக்டர் பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கும் காடு, நம் பிள்ளைகளுக்கு ஒரு பேருந்து தூரம். வெள்ளைக்காரர் பெயர் வைத்த குடுவைச் செடி ஒன்று, விளிம்புக்குக் கீழே வெள்ளைப் பட்டை கொண்டது, கறையானைக் கவர்ந்து தின்பது, இந்த மலையிலேயே வளர்கிறது. 2017 நவம்பர் மழையில் இங்கே மண் சரிந்ததும் தீவே வெள்ளத்தில் தவித்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். வேர் எப்படி மண்ணைப் பிடிக்கிறது என்பதைச் சரிந்த இடத்தைக் காட்டிச் சொன்னால் எந்தப் பிள்ளை மறக்கும்?

தேர்வுக்கு நேரமாகிறது என்று முன்பு சொன்னீர்கள், சரி. ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இலேயே ரத்து செய்யப்பட்டுவிட்டது. பிள்ளைகளால் முடியாது என்றும் சிலர் சொல்கிறார்கள். இதே பிள்ளைகள்தாம் தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறுகிறார்கள். அப்போது நாம் “பார்த்து ஏறு” என்று மட்டும்தானே சொல்கிறோம்?

ஆகவே என் வேண்டுகோள்: மலைப் பயணத்தை மீண்டும் வையுங்கள். ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மழை மாதங்களில் வேண்டாம். பாதை தெரிந்த ஒருவரை முன்னால் நடக்க விடுங்கள். சாப்பாடு புத்தகப்பைக்குள் இருக்கட்டும். ரயிலில் ஏறி, ஐஸ்கிரீம் வாங்கி, படம் எடுத்து, அதே ரயிலில் இறங்கிவிடாதீர்கள். கொஞ்ச தூரமாவது நடக்க விடுங்கள், ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார வையுங்கள். ரயில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகள் இருந்தால் பூங்கா வாசலிலிருந்து ஜீப் பாதையில் முடிந்தவரை ஏறித் திரும்பலாம்.

துணைக்குப் பெரியவர்கள் போதவில்லை என்றால் நான் வருகிறேன். என்னோடு இன்னும் மூன்று தாய்மார்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதலுதவிப் பெட்டி எங்கள் பொறுப்பு. முட்டி சிராய்த்த அந்தப் பையனும், தம்பி போகும்போது தானும் வரலாமா என்று கேட்டிருக்கிறான்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாய்