அப்பா அம்மா பெங்களூர்ல, பிள்ளைங்க பாட்டிகிட்ட

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பென்னாகரம், அரூர் பக்கம் நிறைய பேரு கட்டட வேலைக்கு பெங்களூர், பனியன் கம்பெனிக்கு திருப்பூர்னு போயிடறாங்க, பிள்ளைங்க தாத்தா பாட்டிகிட்ட வளருது, ஸ்கூல்ல எப்படி படிக்குதுன்னு கேக்க வீட்ல ஆளே இல்ல. பாட்டிக்கு எழுத்து தெரியலன்னாலும் பரவால்லங்க, ராத்திரி சோறு போடும்போது இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க, படிச்சுக் காட்டு கண்ணுன்னு கேட்டாலே அந்தப் புள்ள மறுநாள் கிளாஸ்ல கவனமா உக்காரும். அப்பா அம்மாவும் போன்ல சாப்டியான்னு மட்டும் கேக்காம நோட்டை வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க, மாசம் ஒருக்கா டீச்சர்கிட்ட பேசுங்க.

இன்னொன்னு, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், மொத்தத்துல பாதி பேர் பெண்கள். இது பலருக்குத் தெரியவே தெரியாது! டாய்லெட், தண்ணி சரியில்லன்னா அங்கயே கேக்கலாம். ஆனா வேலை நாள்ல கூட்டம் வெச்சா கூலிக்குப் போறவங்க எப்படி வருவாங்க? பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வர்றப்போ ஒரு கூட்டம் வைங்க, வர முடியாதவங்களை போன்லயாவது சேத்துக்கோங்கன்னு கல்வித்துறையை உங்க பேப்பர் மூலமா கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தருமபுரி