அடிக்கோல் வைத்துப் படித்தவருக்கு

மதிப்பிற்குரிய வக்கீல் ஐயாக்களுக்கும், மேடத்துக்கும், தம்பிக்கும்,

இந்தக் கோர்ட் வளாகத்தில் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்கிறவர்கள் எழுதுகிறோம். நீங்கள் வாங்கித் தந்த பிணையில் எங்கள் ஆள் நேற்று ராத்திரி சிறையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டார். என்ன நடந்தது என்பது இந்தக் கோர்ட் வளாகத்தில் டீ ஆற்றுகிறவர் வரை தெரியும். அதைத் திரும்ப எழுதவில்லை. உங்கள் அலுவலகத்தின் பெயரையும் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் தேடக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி 36. சீனியரும் “பேர் மட்டும் வேண்டாம்பா” என்று சொல்லிவிட்டார். மாடிப்படிக்குக் கீழே இரண்டு மேசை, நான்கு பேர் என்றால் யாரென்று புரிந்துவிடும்.

முதல் நன்றி பெஞ்ச் கிளார்க் ஐயாவுக்கு. இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், மன்னிக்கவும். சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது என்பதால் கோர்ட் உத்தியோகத்தை விட்டவர். மூன்று வருட பி.எல். முடித்து, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்தியப் பார் தேர்வும் எழுதிய பிறகுதான் கவுன் மாட்டினார். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டு புரட்டிய காலத்தில், எந்தக் காகிதம் எந்த இடத்தில் தடுக்கி விழும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவர்.

ஸ்டேட்யூட்டரி பெயிலில், அதாவது போலீஸ் கெடு தவறினால் சட்டமே தரும் பிணையில், நாள் எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 187(3)-ன்படி, பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்துக்கு 90 நாள், மற்றதற்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் பிணை கேட்பது உரிமை. “ரெண்டு மாசம்” என்று எண்ணினால் கணக்குத் தப்பும். ரிமாண்ட் ஆன (காவலில் வைக்கக் கோர்ட் உத்தரவிட்ட) நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜூலை 10-ல் ரிமாண்ட் என்றால் ஜூலையில் 22, ஆகஸ்டில் 31, ஆக 53. செப்டம்பர் 7-ல் அறுபது முடிகிறது. 8-ஆம் தேதி காலையில் மனு உள்ளே போயாக வேண்டும். அதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்த உரிமை போயிற்று. 2020-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு சென்னை வழக்கில் மனு போனது காலை 10.30-க்கு, அதே நாள் மாலை 4.25-க்கு குற்றப்பத்திரிகைக்குச் சமமான எதிர்த்தரப்புப் புகார் தாக்கலானது. மனு முந்தியதால் பிணை நின்றது. ஐயா அதனால்தான் மனுவின் மேல் தேதியோடு மணியையும் எழுதி வாங்குகிறார்.

உத்தரவு கிடைத்ததும் எல்லாரும் லட்டு வாங்க ஓடுவார்கள். ஐயா ஷூரிட்டிகளை, அதாவது பிணைக்குப் பொறுப்பேற்று கையெழுத்துப் போடுகிறவர்களை, தேடி ஓடினார். கோர்ட் சொன்ன கெடுவுக்குள் ஷூரிட்டி கொடுக்காமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகையும் தாக்கலாகிவிட்டால் கிடைத்த பிணை கையை விட்டுப் போகும். இரண்டு பேர், அதில் ஒருவர் ரத்த சொந்தம். புகைப்படம், இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் நகல். ஆதாரில் “சு. முருகன்”, வீட்டு வரி ரசீதில் “எஸ். முருகன்” என்று இருந்தால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். (பெயர் உதாரணத்துக்குத்தான்.) முந்தின நாள் சாயங்காலமே இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, பை நிறையக் காகிதத்தைக் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தார்.

இவ்வளவும் வக்கீல் வேலை, அதற்கு ஃபீஸ் உண்டு. நாங்கள் எழுத உட்கார்ந்தது இனிமேல் சொல்லப்போவதற்காக.

ரிலீஸ் ஆர்டர் தயாரானபோது மணி ஐந்துக்குப் பக்கம். சிறையில் சாயங்கால லாக்-அப் ஆகிவிட்டால் மறுநாள்தான். எல்லாரும் “சீக்கிரம், சீக்கிரம்” என்று நிற்க, ஐயா எங்கள் மேசையிலிருந்து அடிக்கோலை எடுத்தார். “அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக்கிறேன்” என்று ஆர்டரைக் கேட்டு வாங்கி, ரிமாண்ட் வாரண்டின் நகலைப் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி அடிக்கோலை நகர்த்தி வாய்விட்டுப் படித்தார். பெயர், இனிஷியல், தகப்பனார் பெயர், ஸ்டேஷன், குற்ற எண், பிரிவு. வாரண்டில் 318(4), 336(3). ஆர்டரில் 318, 336(3). அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு நான்கு இல்லை.

சின்ன விஷயமா? இதே மாதிரி ஓர் உட்பிரிவு விடுபட்டதற்காகக் காசியாபாத் சிறையில் ஒருவரை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதற்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. இங்கே அடிக்கோல் அந்த வேலையைப் பத்து நிமிஷத்தில் முடித்தது. ஸ்டெனோ திருத்த, நடுவர் சுருக்கொப்பம் போட, முத்திரை விழ, ஆர்டர் கிளம்பியது. அடிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார் ஐயா.

மற்ற மூவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. அரசுத் தரப்பில் ஏ.பி.பி.யாக (உதவி அரசு வக்கீலாக) இருந்துவிட்டு வந்த சீனியர், தான் அந்தப் பக்கம் நின்று நடத்திய வழக்கின் கட்டைத் தொடவே மாட்டார். அதனாலேயே மற்ற கட்டுகளில் அவர் சொல்வதை எல்லாரும் நம்புகிறார்கள். நர்ஸாக இருந்து வக்கீலான மேடம் அடிதடிக் கேஸில் முதலில் கேட்பது காயத்தோடு வந்தவர் சொன்னதை ஆஸ்பத்திரியில் எழுதிவைக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியை. “தெரிந்த இருவர் தாக்கியதாக” என்று அதில் இருந்து, எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் இருந்தால் குறுக்கு விசாரணைக்கு அதுவே முதல் கேள்வி. செல்போன் சர்வீஸ் கடையிலிருந்து வந்த ஜூனியர் தம்பி, சி.சி.டி.வி. காட்சி பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியின் கடிகாரம் எத்தனை நிமிஷம் தப்பாக ஓடுகிறது என்று முதலில் குறித்துக்கொள்வான். பழைய பதிவின் மேல் புதுசு ஏறிவிடும் என்பதால் அதைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனு போட வைப்பான். மின்னணுப் பதிவோடு தர வேண்டிய, புதிய சாட்சியச் சட்டம் 63-ன் சான்றிதழில் ஹாஷ் எண் (பதிவு மாறவில்லை என்று காட்டும் எண்) இருக்கிறதா, ஏ, பி இரண்டு பகுதியும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவன்தான்.

எங்களால் பதிலுக்குச் செய்ய முடிந்தது ஒன்று. ஷூரிட்டி பாண்ட் அடிக்க இந்த மரத்தடிக்கு வருகிறவர்கள் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது மூன்றையும் முந்தின நாளே கொண்டு வாருங்கள். பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் காசு கிடையாது. அடிக்கோல் மூன்றாவது மேசையில் இருக்கிறது.

இப்படிக்கு,
கோர்ட் வளாகத் தட்டச்சர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள்