செயலாளரின் ஆண்டறிக்கை: பிரெஞ்சு இசையும் ஓவியமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி இந்த ஆண்டு முழுவதையும் பிரெஞ்சு ஆர்கெஸ்ட்ரா இசைக்கே ஒதுக்கினோம். மாதக் கூட்டங்களில் இசை ஒலிக்கும்போதே அதனோடு தொடர்புள்ள ஓர் ஓவியத்தையும் திரையில் காட்டினோம்.

இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் ‘லா மேர்’ (கடல்) படைப்பில் தொடங்கினோம். 1905 அக்டோபரில் பாரிஸில் அரங்கேறியது அது. பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தை ஓவியர் மோனே வரைந்த ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’ ஓவியத்தைத் திரையில் வைத்தோம். கடலுக்குக் கடல் பொருத்தம்தான். ஆனால் அந்த இசைநூலின் முதல் பதிப்பு அட்டையில் டெபுஸ்ஸி போட்டது ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலையை. 1908-இல் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், தாம் செய்ய முயல்வதை மூடர்கள் இம்ப்ரெஷனிசம் (கணநேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற மோனே போன்றோரின் ஓவியப் பாணி) என்கிறார்கள் என்று கடுமையாகவே எழுதினார்.

அவர் மறுத்தாலும் அந்த ஓவியங்களோடு அவர் இசைக்கு உறவு இல்லாமல் இல்லை என்பதே என் கருத்து. பனிமூட்டம் போன்ற மங்கலில் அந்த உறவைத் தேடுவது வீண். வேலை செய்த விதத்தில் தேட வேண்டும். மோனே நிறங்களைக் குழைத்து ஒன்றாக்காமல் தீற்றல் தீற்றலாக அருகருகே வைத்தார். டெபுஸ்ஸியும் வாத்தியங்களைத் திரளாகக் கலக்காமல் ஒவ்வொன்றின் குரலும் தெரியும்படி விட்டார். ‘லா மேர்’ முதல் பகுதியில் செல்லோக்கள் (தாழ்ந்த குரலுள்ள பெரிய வயலின் வகை) மட்டும் நான்காகப் பிரிந்து பாடும் இடத்தை உறுப்பினர்கள் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். அவருடைய ‘நுவாஜ்’ (மேகங்கள்) படைப்பில் இங்கிலீஷ் ஹார்ன் என்னும் குழல் வாத்தியம் வாசிக்கும் சிறு சொற்றொடர் கடைசிவரை வேறு வாத்தியத்துக்குக் கைமாறுவதில்லை. சாம்பல் வானத்தில் அந்த ஒரு நிறம் தனியாகவே நிற்கிறது.

ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் எம்மானுவேல் ஷாப்ரியேவைப் பற்றியது. ஓவியர்களோடு இவ்வளவு நெருங்கி வாழ்ந்த இசையமைப்பாளர் அந்தத் தலைமுறையில் அரிது. 1880 வரை உள்துறை அமைச்சகத்தில் உத்தியோகம் பார்த்தவர். ஓவியர் மானேயின் (மோனே அல்ல) நெருங்கிய நண்பர். மானே மறைந்தபின் ‘ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்’ ஓவியத்தை வாங்கித் தம் பியானோவுக்கு மேலே மாட்டியவர். ஓவியர் தெகா 1870-ஐ ஒட்டி வரைந்த ‘ஆப்பெரா ஆர்கெஸ்ட்ரா’வைப் பெரிதாக்கிக் காட்டினோம். முன்னால் கன்னம் உப்ப பாஸூன் என்னும் நீண்ட குழல் வாத்தியத்தை ஊதும் தெசிரே திஹோ. மேலே தலை வெட்டுப்பட்ட நடனப் பெண்கள். இடது மூலை மாடத்தில் ஷாப்ரியேவின் சிறிய முகம். அதைத் தேடி எல்லோரும் திரைக்கு அருகே எழுந்து வந்துவிட்டார்கள். பிறகு அவருடைய ‘எஸ்பான்யா’ (ஸ்பெயின், 1883) ஒலித்தபோது, வெயிலில் தீட்டிய ஓவியம் போல அதன் ஒளி அரங்கை நிறைத்தது. டெபுஸ்ஸியின் பெயர் உரக்கக் கேட்கும் இடங்களில் ஷாப்ரியேவின் பெயரும் கேட்க வேண்டும்.

இசையமைப்பாளர் ராவெலின் ‘தாஃப்னிஸ் எ க்ளோயே’ பாலே நடன இசையில் (1912) விடியல் காட்சியை மட்டும் கேட்டோம். முழுமையாகக் கேட்க நேரம் போதவில்லை.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பழைய ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்கள் அதிர்ந்ததால் புதியது வாங்கியதே பெரிய செலவு. நன்கொடை அளித்தவர்களுக்கும் ஓவியப் படங்களைத் திரட்டித் தந்த இளைய உறுப்பினர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் ‘எஸ்பான்யா’வையும் அதேபோல் ஸ்பெயினைப் பற்றிய டெபுஸ்ஸியின் ‘இபேரியா’வையும் ஒரே கூட்டத்தில் கேட்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஷாப்ரியே 1882-இல் ஸ்பெயினில் மாதக்கணக்கில் சுற்றியவர். டெபுஸ்ஸி அந்நாட்டை ஏறக்குறைய பார்த்ததே இல்லை. இந்தப் பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்